ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் ஏழு

"போன் மாதிரி அடுக்கு வேணுமாங்க மிஸ், கல்குலேட்டர் மாதிரி அடுக்கு வேணுமாங்க?"

ஹட்டன் கடைக்காரர் இப்படிக் கேட்டதும் எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பாவி மனுஷன், இதைப் போன தடவையே கேட்டிருக்கக் கூடாதா? இதே கடை, இதே கண்ணாடி மேசை. அன்றைக்கு இருந்ததிலேயே சின்னதாக ஒரு நம்பர் கீபேடைக் காட்டி, "இது போதும், பில்லைப் போடுங்க" என்று வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினவள்தான் நான். மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. எண்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று பார்க்கத் தோன்றவில்லை. எண் என்றால் எண்தானே, அதில் என்ன மேல், கீழ்?

இருக்கிறது. உங்கள் போனை எடுத்துப் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று மேல் வரிசையில் இருக்கும். ஏழு, எட்டு, ஒன்பது கீழே. கல்குலேட்டரிலும் கம்ப்யூட்டர் கீபேடிலும் அப்படியே தலைகீழ். ஏழும் எட்டும் ஒன்பதும் மேலே ஏறி உட்கார்ந்திருக்கும், ஒன்றும் இரண்டும் மூன்றும் கீழே இறங்கிவிடும். நாலு, ஐந்து, ஆறு மட்டும் இரண்டிலும் நடுவில். சைபர் இரண்டிலும் அடியில். எந்தப் புண்ணியவான் இப்படிப் பிரித்து வைத்தானோ, அவன் நல்லா இருக்கட்டும். அந்த ஒரு வித்தியாசத்தால் நான் என் அக்காவைத் தொலைத்தேன். ஏற்கெனவே செத்துப்போனவளை இன்னொரு தடவை தொலைத்தேன். சொன்னால் உங்களுக்கு நம்பிக்கை வராது. அதனால் முதலில் இருந்தே சொல்கிறேன்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அம்மா விடிந்தும் விடியாமலும் தேயிலை மலைக்குக் கொழுந்து எடுக்கப் போய்விடுவாள். எனக்குத் தலை பின்னி, சோறு ஊட்டி, அடித்து, அணைத்து வளர்த்ததெல்லாம் அக்காதான். பிறகு கொழும்பில் ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போனாள். அங்கேயே கல்யாணமும் ஆயிற்று. ஒரு தீபாவளிக்கு வந்தபோது எங்கள் லயத்துக் காம்பராவில், அந்த வரிசை வீட்டு ஒற்றை அறையில், ஒரு மேசை போனை வைத்துவிட்டுப் போனாள். எங்கள் லயம் பள்ளத்தில் இருக்கிறது. மொபைலுக்கு சிக்னல் வேண்டுமென்றால் மேலே கோயிலடிக்கு ஏற வேண்டும். அதனால் வீட்டுக்குள் இருந்து பேசுவது என்றால் இன்றுவரை அந்த மேசை போன்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் அக்காவுக்கு எடுப்பேன். அவள் வீட்டில் போன் பிரிட்ஜ் மேலே இருக்கும், ஒரு பின்னல் துணியைப் போர்த்திக்கொண்டு. மணி அடித்தால் அக்கா அடுப்படியில் இருந்து, "வர்றேன், வர்றேன், ஏன் இப்புடிக் கத்துற?" என்று அந்தப் போனைத் திட்டிக்கொண்டே வருவாள். அங்கே போய்த் தங்கியிருந்தபோது பார்த்திருக்கிறேன். நைட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு எடுப்பாள். எடுத்ததும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"சாப்பிட்டியாடி?"

சாயங்காலம் ஐந்து மணிக்கு யாராவது சாப்பிடுவார்களா? "இன்னும் இல்லக்கா" என்பேன். "ஏன் சாப்பிடல? என்ன ஆக்குன? மாசிக் கருவாடு போட்டியா?" என்று அரை மணி நேரம் அதிலேயே போகும். அப்பா போன பிறகும், அம்மா போன பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. அழுத்தி அழுத்தி எங்கள் போன் பட்டன்களில் எண்ணெல்லாம் தேய்ந்துபோயிற்று. அதன் சின்னத் திரையும் எப்போதோ செத்துவிட்டது. எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. ஜன்னல் வழியே எதிர் மலையைப் பார்த்துக்கொண்டே விரல் தானாகப் போய் அழுத்தும்.

பிறகு அக்கா செத்துப்போனாள். நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. அத்தான் வீட்டைப் பூட்டிவிட்டுத் தன் தம்பி வீட்டோடு போய்விட்டார். கருமாதி முடிந்து நான் தோட்டத்துக்கு வந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கை தானாகப் போனை எடுத்தது, விரல் தானாக அழுத்தியது. மணி அடித்தது.

நான் வைக்கவில்லை. பூட்டின வீட்டில், பிரிட்ஜ் மேலே, அந்தப் பின்னல் துணிக்குள் மணி அடிக்கிறது. ஹாலைத் தாண்டி அடுப்படி வரைக்கும் கேட்கும். அது தானாக ஓயும் வரைக்கும் காதில் வைத்துக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் அப்படித்தான். யாரும் எடுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பைத்தியம் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். மணி அடிக்கிற வரைக்கும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்துகொண்டிருக்கிறாள், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் மடுவத்தில் வேலை கிடைத்தது. மடுவம் என்றால் பெண்கள் எடுத்த கொழுந்தை நிறுக்கிற கொட்டகை. முன்பு கையால் எழுதிக்கொண்டிருந்ததை இப்போது லேப்டாப்பில் போட வேண்டும். கங்காணி தராசைப் பார்த்துக் கிலோவைக் கூவுவார், நான் குத்த வேண்டும். ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பில் பக்கவாட்டு எண் பட்டன்கள் கிடையாது. மேல் வரிசையில் ஒவ்வொன்றாகத் தேடிக் குத்தினால் மழையில் கூடையோடு நிற்கிற பெண்கள் சும்மா விடுவார்களா? "வெளியில வச்சுக் குத்துற கீபேடு ஒண்ணு வாங்கிக்கம்மா, உன் கைக்குத் தோதா" என்றார் பெரிய கிளாக்கர் ஐயா. அப்படி வாங்கியதுதான் முதல் கீபேட்.

முதல் நாள் நாசமாய்ப் போயிற்று. எனக்குப் பார்க்காமல் அழுத்தத் தெரியும் என்று ஒரு திமிர். பத்து விரலுக்கும் கண் இருக்கிற மாதிரி கங்காணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே குத்தினேன். கங்காணி "பதினாலு" என்றார், எழுபத்து நாலு விழுந்தது. "பதினெட்டு" என்றார், எழுபத்திரண்டு. "இருபத்தொண்ணு" என்றார், எண்பத்தேழு. பெரிய கிளாக்கர் வந்து திரையைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இது எண்பத்தேழு கிலோ?" என்று சத்தம் போட்டுப் படித்தார்.

"ஆத்தாடி! எண்பத்தேழையும் சுமந்துக்கிட்டு நானா மலை எறங்குனேன்?" என்றாள் அந்தக் கூடைக்குச் சொந்தக்காரி. "ஏ புள்ள, எம் புருசன் காதுல போட்றாத. நாளையிலருந்து தெனம் இதையே கேப்பான்!"

மடுவமே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கீபேட் கோளாறு என்றேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டு கிளாக்கர் ஐயா டீ குடிக்கப் போய்விட்டார். அன்றைக்கு அத்தனை எண்ணையும் திருத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

என் விரலுக்குத் தெரிந்தது போன் அடுக்கு மட்டும்தான். அதை மாற்ற வேண்டும். வைராக்கியமாக உட்கார்ந்தேன். சோறு வேகிற நேரம் எல்லாம் கீபேடை மடியில் வைத்துக்கொண்டு, கங்காணி மாதிரி நானே எண்ணைக் கூவி, நானே குத்துவேன். "பதினாறு! இருபத்தி மூணு!" பக்கத்துக் காம்பராக்காரி எட்டிப் பார்த்து, "தனியாப் பேசுறியா, ஏலம் போடுறியா?" என்று கேட்டாள். கொஞ்ச நாளில் கை திரும்பிவிட்டது. கங்காணியின் வாய் மூடுவதற்குள் எண் விழுந்துவிடும். தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது என்று பெண்கள் சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதை அக்காவிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும்போது, எடுக்காத போனிடம் மனதுக்குள் சொன்னேன்.

மாதங்கள் இப்படிப் போயின. ஞாயிறு தவறாமல் மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது.

ஒரு ஞாயிறு, மணி பாதியில் நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள்.

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. புத்தி இருக்கிறவள் யார் என்று கேட்பாள். நான் "அக்கா!" என்று கத்திவிட்டேன். "அக்கா! அக்கா!"

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், அதுவும் அழுகிற மாதிரி, "புதே? புதே?" என்றது. சிங்களத்தில் மகனே என்று கூப்பிடுகிறார்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இப்படியே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் அக்கா என்கிறேன், அவர் மகனே என்கிறார். பிறகு எனக்குத் தெரிந்த சிங்களத்தில், அக்கா வீட்டில் யார் இருக்கிறீர்கள், அத்தானுக்குச் சொந்தமா என்று கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இது பொல்பிட்டிய பக்கம் என்றார். மகன் கொரியாவுக்கு வேலைக்குப் போகும்போது வைத்துவிட்டுப் போன மொபைல் என்றார். ஞாயிறு ஞாயிறு சாயங்காலம் இது அடிக்குமாம். மகன்தான் என்று ஓடி வந்து பார்ப்பாராம், ஆனால் அந்தக் கண்ணாடியில் எங்கே தொட்டு எடுப்பது என்று தெரியாதாம். அடித்து ஓயும் வரைக்கும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். இன்றைக்குத்தான் பக்கத்து வீட்டுப் பெண் எடுக்கச் சொல்லிக் கொடுத்தாளாம்.

"ஒயாட அக்கா இன்னவத?" என்று மெதுவாகக் கேட்டார். உனக்கு அக்கா இருக்கிறாளா என்று. அக்கா என்ற சொல் அவர்கள் பாஷையிலும் அக்காதான். நான் யாரைக் கத்திக் கூப்பிட்டேன் என்பது அவருக்கு முதலிலேயே விளங்கிவிட்டது. செத்துப்போனாள் என்றேன். "அனே" என்றார் அந்த அம்மா, ஐயோ பாவம் என்கிற மாதிரி. போனை வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

வைத்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொழும்பு நம்பர் என்றால் சைபர், ஒன்று, ஒன்று என்று தொடங்கும், அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பழையபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு விரலைப் போகவிட்டேன். சட்டென்று நிறுத்திக் கீழே பார்த்தேன். சைபரை அழுத்திய விரல், மேலே ஏறாமல், கீழ் வரிசையின் ஓரத்தில் போய் நின்றிருந்தது. ஒன்று இருக்க வேண்டிய இடம் என்று என் கை நம்பிய இடத்தில் ஏழு இருந்தது. சைபர், ஏழு, ஏழு. அது மொபைல் நம்பர். கீபேட் பழகிய நாளில் இருந்து என் கை போனிலும் தலைகீழாகப் போயிருக்கிறது. இத்தனை ஞாயிறும் நான் அக்கா வீட்டுக்கு எடுக்கவே இல்லை.

ஒவ்வொரு பட்டனாக இடம் பார்த்து, சரியான நம்பரை அழுத்தினேன். மணி அடிக்கவில்லை. ஒரு பெண் குரல் சிங்களத்தில் ஏதோ சொன்னது. பிறகு தமிழில், நீங்கள் அழைத்த இலக்கம் பாவனையில் இல்லை என்றது. பிறகு இங்கிலீஷில். பிறகு மறுபடியும் சிங்களத்தில்.

கோயிலடிக்கு ஓடி ஏறி மொபைலில் அத்தானைப் பிடித்தேன்.

"அந்த லைனா? அது வெட்டியாச்சேம்மா. வீட்டையும் சொந்தக்காரவுங்ககிட்ட ஒப்படைச்சிட்டேன். ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கு போனு?" என்றார். அவர் கேட்பதில் என்ன தப்பு இருக்கிறது? எப்போது வெட்டினீர்கள் என்று கேட்கத்தான் வாய் வந்தது. கேட்கவில்லை. எந்த நாளைச் சொன்னாலும் எனக்கு வயிறு எரியும். கடைசி கடைசியாக அந்த மணி அடித்திருக்கக்கூடிய ஞாயிறுகளில் நான் பொல்பிட்டிய பக்கம் யாருக்கோ மணி அடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மடுவத்தில், கங்காணி "பதினொண்ணு" என்று கூவினார். விரல் கீழே போய் ஒன்று, ஒன்று என்று அழகாகக் குத்தியது. அந்த அழகைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கீபேடைப் பிடுங்கி வெளியே வீசினேன். கொட்டகைக்குப் பக்கத்தில் இருக்கிற தண்ணீர்க் கானில் விழுந்து, மழைத் தண்ணீரோடு போய்விட்டது. பெண்கள் ஓடி எட்டிப் பார்த்தார்கள். பெரிய கிளாக்கர் மட்டும், ஏசப் போகிறார் என்று நான் நிற்கும்போது, "கீபேடுக்கு என்னம்மா தெரியும்?" என்றார். "இன்னொண்ணு பார்த்து எடுத்துக்கிட்டு வா. இந்தத் தடவை அவசரப்படாத."

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் நான் எந்த நம்பருக்கும் எடுக்கவில்லை. போன் மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்தேன். அந்தப் பொல்பிட்டிய அம்மா மீதும் கோபம். அவர் என்ன செய்தார், பாவம். மகன் என்று ஓடி வந்தது ஒரு குற்றமா? இருந்தாலும் கோபம். இவ்வளவு பெரிய உலகத்தில் அக்கா எடுக்க வேண்டிய போனை எடுக்க இவர் யார்?

இப்படியாக மறுபடியும் ஹட்டன், மறுபடியும் அதே கண்ணாடி மேசை. நான் முதல் கீபேடுக்கு நேர்ந்ததை, அக்கா பேச்சை எடுக்காமல், எண் குழம்புகிறது என்று மட்டும் சொன்னேன். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று போனமுறை வாங்கியதைப் போலவே சாதாரணமானது. இன்னொன்று கனமானது. அதன் பட்டன்களைக் கழற்றி மாற்றிப் போடலாம், எந்தப் பட்டன் எந்த எண்ணைக் குத்த வேண்டும் என்று நாமே சொல்லிவைக்கலாம் என்றார். தன் கம்ப்யூட்டரில் சொருகி, ஒன்று, இரண்டு, மூன்றை மேல் வரிசைக்குக் கொண்டுவந்து காட்டினார்.

"அடிச்சுப் பாருங்க மிஸ். கொஞ்ச நாள்ல கை பழையபடி போன் மாதிரியே வந்துரும். அப்பறம் போன்லயும் குழப்பம் இருக்காது."

அடித்தேன். சைபர். மேலே போ, மேலே போ என்று விரலிடம் சொல்லிச் சொல்லி, ஒன்று, ஒன்று. அக்கா நம்பர் முழுவதும் திரையில் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, கடைக்காரர் "என்னாங்க, சரியா வருதா?" என்று கேட்டார். சரியாகத்தான் வந்தது. அந்த நம்பரைத் திரையில் பார்த்ததும் பின்னல் துணி, அடுப்படி, நைட்டியில் துடைக்கிற கை, எல்லாம் வந்தது. எனக்கு அக்கா வேண்டும். கடையில் நின்றுகொண்டு, வெளியே பொகவந்தலாவை பஸ்காரன் ஆள் கூப்பிடுகிற சத்தத்துக்கு நடுவில், குழந்தை மாதிரி எனக்கு அக்கா வேண்டும் என்று இருந்தது.

கனமானதை ஒரு கையிலும் சாதாரணமானதை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு நின்றேன். எதை வாங்கினாலும் கண்ணால் பார்த்து எந்த நம்பரையும் அழுத்தலாம், அது எனக்கும் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் கண்ணால் அழுத்துகிறவள் இல்லை. கனமானதை வாங்கினால் கை பழைய வழிக்குத் திரும்பி, அக்கா நம்பருக்குப் போகும். அங்கே அந்தப் பெண் குரல் மூன்று பாஷையிலும் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும். சாதாரணமானதை வாங்கினால் கை இப்போது போகிற வழியிலேயே, அந்தப் பொல்பிட்டிய அம்மாவுக்குப் போகும். அங்கே மணி அடிக்கும்.

"எது மிஸ்?"

"சாதாரணமானதையே தாங்க" என்றேன்.

"குழப்பம் வருதுன்னீங்க?"

"வந்தா வந்துட்டுப் போகுது. பில்லைப் போடுங்க."

அந்த ஞாயிறு சாயங்காலம் போன் மேலிருந்த துண்டை எடுத்தேன். எதிர் மலையில் பாதியை மூடுபனி மூடிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு விரலைப் போகவிட்டேன். அது போயிற்று. மணி அடித்தது. அந்த அம்மா இத்தனை வாரமாகக் காத்திருந்து வெறுத்துப்போயிருப்பாரோ, ஒருவேளை எடுக்கவே மாட்டாரோ என்று பயந்தேன். இவ்வளவு நாளும் யாரும் எடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தே மணியைக் கேட்டவள், இப்போது எடுத்துவிடட்டும் கடவுளே என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

எடுத்தார். என்ன சொல்லிப் பேசுவது? மகனும் இல்லை, அக்காவும் இல்லை, யாருக்கு யார் என்று தொடங்குவது? அந்தப் பக்கம் அதே மூச்சுச் சத்தம். யார் என்று அவர் கேட்கவில்லை.

"கேம கேவாத?" என்றார்.

சாப்பிட்டியா என்று கேட்கிறார்.

"இன்னும் இல்லக்கா" என்றேன்.